தண்ணீர் வந்த நேரம்

போன வாரம் இந்தப் பக்கத்தைத் தவறவிட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டு மகனின் தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது. கண்காணாத தூரத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலைக்குப் போனவன், அங்கேயே ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான். கூட மருமகள் இருக்கிறாள். இன்று மாலை ஆபரேஷன். உயிருக்கு நான் பொறுப்பு என்கிறார் டாக்டர். வலது கை முன்போல அசையுமா என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுகிறார்.

வேறு வீடாக இருந்தால், கை போனால் போகட்டும், ஆள் வந்தால் போதும் என்று சொல்லியிருப்பார்கள். இந்த வீட்டில் அப்படிச் சொல்ல முடியாது. அம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பள்ளிக்கூடத்துப் பக்கம் யாரும் அனுப்பவில்லை, அதனால் எழுத்தும் தெரியாது. அவளும் அவள் பெற்றதுகளும் பேசுவதெல்லாம் கையால்தான். யாரும் கற்றுக்கொடுத்த சைகைகூட இல்லை அது. அடுப்பைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகளை வளர்த்தவள், அந்தச் சமையலறையில் வைத்து அவர்களோடு சேர்ந்து உண்டாக்கிய பாஷை. உலகத்திலேயே அவள், கணவர், மகன், மகள் என்று நாலு பேருக்குத்தான் முழுதாகத் தெரியும். மருமகளுக்கே 'சாப்பாடு', 'தூக்கம்', 'நல்லது' என்ற அளவோடு நிற்கிறது.

கைப்பேச்சையும் நான் பேச்சாகவே எழுதிக்கொண்டு போகிறேன். அவர்களுக்கு அது பேச்சுதான்.

ஆகவே, ஆபரேஷனுக்கு முன்னால், இரண்டு கையும் நன்றாக இருக்கும்போதே, மகன் அம்மாவோடு ஒரு தடவை வீடியோவில் பேசிவிட வேண்டும். மாலை ஐந்து மணிக்கு என்று முடிவு செய்திருந்தார்கள்.

அம்மா காலையிலேயே இடம் தயார் செய்துவிட்டாள். படம் எதுவும் மாட்டாத வெறும் சுவருக்கு முன்னால் நாற்காலி. விளக்கு முகத்தில் விழும்படி மேஜை மேல். போட்டுக்கொள்ள அடர்நீலத்தில் பூ எதுவும் இல்லாத உடை. பூப்போட்ட துணிக்கு முன்னால் கையை ஆட்டினால் திரையில் விரல் தெரியாது, வார்த்தை குழம்பிவிடும். மகன் வெளிநாடு போன இத்தனை வருஷத்தில் அவள் இதையெல்லாம் தானாகக் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

சமையலறைக் குழாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. நேற்றிலிருந்தே அப்படி.

"எப்ப வரும்?" என்று கணவரைக் கேட்டாள்.

அவர் தண்ணீர் வாரியத்தில் குழாய் மேஸ்திரி. சொந்த வீட்டுக் குழாயிலேயே காற்று வந்தால் அவருக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

"மத்தியானத்துக்குள்ள. பள்ளிக்கூடத்து முனையில மெயின் குழாய் விட்டுப்போச்சு. இன்னைக்கு அதை ஒரு கை பார்த்துட்டுத்தான் வருவேன்."

மகள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். இன்டர்நெட் கம்பெனி ஒன்றில் புகார் கேட்கும் வேலை. காலை முதல் மாலை வரை காதில் ஹெட்போனும் வாயில் மன்னிப்புமாக உட்கார்ந்திருப்பாள்.

"தண்ணி இல்லாமலே தலை சீவிக்கிட்டாச்சு. பல் தேய்க்க என்ன பண்றதாம்?" என்றாள்.

"உங்க கம்பெனி நெட்டை ஊத்திக் கொப்பளி," என்றார் அப்பா.

இது அந்த வீட்டில் ஓயாத வழக்கு. தண்ணீர் பெரிதா, நெட் பெரிதா என்று அப்பாவும் மகளும் சாப்பாட்டு நேரத்தில் ஒருவரையொருவர் வாரிக்கொள்வார்கள்.

"உங்களுக்கு எல்லாம் விளையாட்டுப்பா. ஒரு நாள் என் சீட்ல வந்து போன் எடுங்க. நெட் போச்சுன்னு அழறவங்க எத்தனை பேருன்னு தெரியும்."

"அழட்டும். ரெண்டு நாள் தண்ணி இல்லாம இருந்துட்டு வந்து அழச் சொல்லு, நான் கண்ணைத் துடைச்சு விடறேன்."

இரண்டு வாயும் அசைவதைப் பார்த்த அம்மா, என்ன சண்டை என்று கேட்டாள். "இவ நெட்டைக் குடிச்சே உயிர் வாழ்வாளாம்," என்று கையால் சொன்னார் அப்பா. அம்மா சிரித்தாள்.

"எனக்கு ரெண்டும் வேணும். முகம் கழுவ அது. பிள்ளையைப் பார்க்க இது. சாயங்காலம் வரைக்கும் ரெண்டு பேரும் சும்மா இருங்க."

சும்மா இருந்திருக்கலாம்.

பள்ளிக்கூடத்து முனையில் பள்ளம் இடுப்பளவு தோண்டியாகிவிட்டது. மெயின் குழாயின் இணைப்பில் கசிவு. சுற்றி ஒரு கிளாம்ப் போட்டு இறுக்கினால் தீர்ந்தது. ஆனால் சரியாக அந்த இணைப்பின் முதுகில், ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய் குறுக்கே படுத்திருந்தது. உள்ளே மகள் கம்பெனியின் இன்டர்நெட் கேபிள். அது இருக்கும்வரை கிளாம்ப் மூடாது.

சட்டப்படி என்ன செய்ய வேண்டுமென்றால், வேலையை நிறுத்திவிட்டு கேபிள்காரர்களைக் கூப்பிட்டு, கொஞ்சம் நகர்த்திக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். வெல்டர் அதைத்தான் சொன்னார்.

"சொல்லிட்டுச் செய்யலாம் மேஸ்திரி. எதுக்கு வம்பு?"

"நகர்த்திக் கொடுங்கன்னு கேட்டா ரெண்டு நாள் கழிச்சு வருவான். அறுந்துபோச்சுன்னு சொன்னா ரெண்டு மணி நேரத்துல வருவான். நீ பார்க்காததா?"

வெல்டர் பார்த்ததுதான். அந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த தந்திரம் அது. யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

பள்ளத்தைச் சுற்றி ஆட்கள் குடமும் வாளியுமாக நின்றார்கள். பள்ளிக்கூடத்தில் கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை என்று பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எதிரே இருந்த பிரசவ ஆஸ்பத்திரியின் ஆயா வந்து, "தொட்டியில அடி மண்ணுதாங்க தெரியுது" என்று சொல்லிவிட்டுப் போனாள். மேஸ்திரி அவளைப் பார்த்தார், பிறகு ஆரஞ்சுக் குழாயைப் பார்த்தார்.

தன் வீட்டுக்குப் போவதும் இதே கேபிள்தான் என்று அவருக்குத் தெரியும். மாலை ஐந்து மணியும் ஞாபகத்தில் இருந்தது. இப்போது வெட்டினால் மதியத்துக்குள் வந்து ஒட்டிவிடுவார்கள், ஐந்து மணிக்கு எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டார். கணக்கில் பிழை ஒன்றும் இல்லை.

"ரம்பத்தைக் கொடு," என்றார். "ஒரு வேளை நெட் இல்லன்னா எவனும் செத்துப்போக மாட்டான்."

அறுத்தார். கிளாம்ப் மூடியது. கேபிள் ஆபீசுக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தபோதுதான் போனில் ஒரு கோடுகூட இல்லை என்று பார்த்தார். அந்தப் பகுதிக்கு இருக்கும் ஒரே டவருக்குப் போகிற கேபிளும் அதே ஆரஞ்சுக் குழாய்க்குள்தான் ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியாது. வெல்டரை வண்டியில் அனுப்பி நேரில் சொல்லச் சொன்னார்.

அதே நேரம் மகளின் ஆபீசில் எல்லா விளக்கும் சிவப்பாக எரிந்தது.

புகார் திரையில் ஒரு பட்டியல் உண்டு. இணைப்பு எதற்காகத் தேவை என்று கேட்டுப் பதிய வேண்டும். வங்கி, ஆஸ்பத்திரி, போலீஸ் என்றால் உடனே. மற்றதெல்லாம் 'வீட்டு உபயோகம்' என்ற ஒரே கூடைக்குள் விழும். வீட்டு உபயோகத்துக்கு மறுநாள் மாலை வரை அவகாசம். வீட்டிலிருந்தபடி பரீட்சை எழுதுகிறவனும் வீட்டு உபயோகம்தான், சினிமா பார்க்கிறவனும் வீட்டு உபயோகம்தான். கம்பெனி கண்ணுக்கு இரண்டும் ஒன்று.

"பள்ளிக்கூடத்து முனையில அறுந்திருக்கு," என்று பக்கத்து சீட்டுக்காரி சொன்னாள். "தண்ணி வாரியத்து ஆளுங்க வேணும்னே வெட்டிட்டாங்களாம். அவங்க ஆளே வந்து சொல்லிட்டுப் போறான். என்ன தைரியம் பாரு."

பள்ளிக்கூடத்து முனை. அப்பா. ஆனால் மணி இன்னும் பன்னிரண்டுகூட ஆகவில்லை, ஐந்துக்குள் ஒட்டிவிடுவார்கள் என்று அவளும் அதே கணக்கைத்தான் போட்டாள்.

அப்போதுதான் போன் வந்தது. மருமகள்.

"எத்தனை தடவைம்மா வீட்டுக்குப் போடறது? அத்தை போன் போகல, மாமா போன் போகல. இங்க காலையிலிருந்து இவருக்குத் தலைவலி தாங்கல. டாக்டர் பார்த்துட்டு, இனி காத்திருக்கக் கூடாது, இப்பவே எடுத்துட்டுப் போறேங்கறார். இவர் அம்மாவைப் பார்க்காம வர மாட்டேன்னு கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார்."

"அண்ணி, கொஞ்ச நேரம் நிறுத்தி வைங்க. எப்படியாவது நிறுத்துங்க. நான் அம்மாவை சிக்னல் இருக்கிற இடத்துக்குக் கூட்டிட்டு வர்றேன்."

பக்கத்து சீட்டுக்காரியிடம் ஸ்கூட்டர் சாவியை வாங்கிக்கொண்டு ஓடினாள். ஹெட்போனைக் கழற்றி வைத்த இடத்தில் யாரோ ஒருவர் இன்னும் "ஹலோ, ஹலோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டில் குழாய் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தது.

அம்மா குளித்து, அடர்நீல உடையைப் போட்டுக்கொண்டு, ஈரத் தலையோடு நின்றாள். மகளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப்போய்க் காட்டினாள். "பார், உங்கப்பா சொன்னா சொன்னதுதான். எவ்வளவு வேகமா வருது."

மகள் குழாயை மூடினாள். "அண்ணனை இப்பவே கூட்டிட்டுப் போறாங்களாம். இங்க நெட் இல்ல. கிளம்பும்மா."

அம்மாவின் கை பாதியில் நின்றது. "அஞ்சு மணின்னு சொன்னாங்களே."

"வாம்மா."

ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தவள் செருப்புப் போட மறந்திருந்தாள். போகிற வழி பள்ளிக்கூடத்து முனை வழியாகத்தான். பள்ளத்தைச் சுற்றி நின்றவர்கள் வழிவிட வேண்டியிருந்ததால் மகள் வண்டியை மெதுவாக்கினாள். அப்பாவின் பக்கம் அவள் திரும்பவில்லை.

அம்மா திரும்பினாள். இடுப்பளவு பள்ளத்துக்குள் சேற்றோடு நிற்கும் கணவரைப் பார்த்து, ஒரு விரலை நெற்றியருகே சுருட்டிக் காட்டினாள். சுருட்டை முடிக்காரன். அந்த வீட்டில் மகனுக்கு அதுதான் பெயர். பிறகு போனைப் பார்ப்பதுபோல உள்ளங்கையைக் கண்முன் பிடித்து, 'இப்பவே, இப்பவே' என்று இரண்டு தடவை தட்டினாள்.

வண்டி போய்விட்டது. கூட்டத்தில் யாரோ, "வீட்டுக்காரம்மா தண்ணி வந்துடுச்சுன்னு சொல்றாங்களா மேஸ்திரி?" என்று கேட்டார்.

அறுபட்ட ஆரஞ்சுக் குழாயின் இரண்டு முனையும் சேற்றில் கிடந்தன. மேஸ்திரி குனிந்து இரண்டையும் எடுத்தார். உள்ளே முடி முடியாகக் கண்ணாடி இழைகள். அவர் கைவசம் இருந்த சாமான் எதற்கும் அது அடங்காது. இருந்தாலும் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று பொருத்திப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கேபிள் ஆபீசிலிருந்து திரும்பிய வெல்டர் வந்து, "விடுங்க மேஸ்திரி, அது அப்படி ஒட்டாது" என்ற பிறகுதான் விட்டார்.

ஆற்றுப்பாலம் தாண்டியதும், டயர் பஞ்சர் கடை வாசலில் போனுக்கு உயிர் வந்தது. மகள் அங்கேயே வண்டியை நிறுத்தினாள்.

மருமகளின் முகம் திரையில் வந்தது. பின்னால் காலிக் கட்டில். கட்டிலைப் பார்த்ததுமே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"இப்பத்தான்மா," என்றாள் மருமகள். "லிஃப்ட் கதவு மூடி ஒரு நிமிஷம்கூட இருக்காது. எவ்வளவோ கெஞ்சினேன். டாக்டர் கோபிச்சுக்கிட்டார். போறதுக்கு முன்னாடி அத்தைக்குன்னு பேசினார். நான் வீடியோ எடுத்து வெச்சிருக்கேன். எனக்கு ஒண்ணும் புரியல. அத்தைக்குப் புரியும். அனுப்பறேன்."

வீடியோ வந்து சேரும்வரை அம்மா திரையில் சுற்றுகிற வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெறுங்காலில் தார்ச்சாலை சுட்டிருக்க வேண்டும், அவள் காலை மாற்றிக்கூட வைக்கவில்லை.

மகன் வந்தான். தலையை மொட்டையடித்திருந்தார்கள். முடியே இல்லாத நெற்றியருகே விரலைச் சுருட்டித் தன் பெயரைச் சொல்லிவிட்டுச் சிரித்தான். "இனிமே வேற பேர் வெச்சுடும்மா."

அம்மா சிரித்தாள். மகளும் சிரித்தாள். பஞ்சர் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"சாப்பிட்டியா? எனக்கு நேத்திலிருந்து பட்டினி. வந்ததும் நீ பண்ற ரொட்டி வேணும், ஓரம் கருகினது. அப்பாகிட்ட சொல்லு, என் தலையில இருக்கிற குழாயையும் அவரே வந்து பார்த்திருந்தா ஒரு மணி நேரத்துல முடிச்சிருப்பார்."

பிறகு அவன் கை இரண்டும் நெஞ்சுக்கு நேராக வந்தன. விரல்களை மடக்கினான். மடக்கியவன் ஒரு கணம் நிமிர்ந்து, போனைப் பிடித்திருந்த மனைவியைப் பார்த்தான். மடக்கிய விரல்களை விரித்துவிட்டான். சும்மா கையைத் தட்டிக்கொள்வதுபோலத் தட்டிக்கொண்டு, "நல்லா இருக்கேன். எல்லாம் நல்லா நடக்கும்" என்று முடித்தான். வீடியோ முடிந்தது.

"நல்லாத்தான் பேசியிருக்கான்மா," என்றாள் மகள்.

அம்மா தலையை ஆட்டினாள். திரும்ப ஓடவிட்டு, அந்த இடத்தில் விரலை வைத்து நிறுத்திக் காட்டினாள். நெஞ்சுக்கு முன்னால் மடங்கிய விரல்கள்.

"இது என்ன சொல்லு."

மகள் உற்றுப் பார்த்தாள். கை இன்னும் கொஞ்சம் மேலே போய், நெஞ்சில் ஒட்டி நடுங்கியிருந்தால், 'பயமா இருக்கு' என்று ஆகும். சின்ன வயசில் இருட்டில் எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்து, அவள் உள்ளங்கையிலேயே அவன் அந்த வார்த்தையைச் சொல்லுவான்.

"சொல்ல வந்தான்," என்றாள் அம்மா. "அவ பார்க்கறாளேன்னு பாதியில விட்டுட்டான். அவளுக்கு அந்த வார்த்தை தெரியாதுன்னுகூட அவனுக்கு ஞாபகம் இல்ல பாரு. பயத்துல மறந்துட்டான். எதிர்ல நான் இருந்திருந்தா சொல்லியிருப்பான்."

அம்மா போனை ஸ்கூட்டர் சீட்டின்மேல் சாய்த்து வைத்தாள். நின்றுபோன அந்தப் படத்துக்கு முன்னால், தெருவில், பேச ஆரம்பித்தாள். நான் இருக்கேன். பயப்படாதே. கண்ணை மூடு, திறந்தா நான் நிக்கறேன். நான் இருக்கேன். அடர்நீல உடைக்கு முன்னால் ஒவ்வொரு விரலும் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

"இரும்மா, நான் இதை வீடியோ எடுத்து அனுப்பறேன். கண் முழிச்சதும் பார்ப்பான்."

அம்மா கையைக் கீழே போட்டாள்.

"அவன் பயந்தது அப்போ. முழிச்சதுக்கப்புறம் சொல்லி என்ன ஆகப்போகுது?"

வெயில் இறங்குகிற நேரத்தில்தான் மேஸ்திரி வீட்டுக்கு வந்தார். கேபிள்காரர்கள் வந்து ஒட்டிக் கொடுக்கும்வரை பள்ளத்தைவிட்டு நகரவில்லை அவர். நாலு மணிக்கே நெட் வந்துவிட்டது. டவரும் வந்துவிட்டது. சேற்றோடு வாசலில் நின்றவரை மகள் உள்ளே வரவிடவில்லை.

"வெட்டினது நீங்கதான்னு அம்மாவுக்கு இன்னும் தெரியாது," என்றாள், குரலைத் தாழ்த்தி. அம்மாவுக்குக் கேட்காது என்றாலும் அந்த வீட்டில் ரகசியத்தைத் தாழ்ந்த குரலில்தான் சொல்லுவார்கள். "நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க."

"எதிர்ல ஆஸ்பத்திரி. பிரசவத்துக்கு வந்தவங்க தண்ணியில்லாம கிடந்தாங்க. நான் என்ன பண்ணியிருக்கணும்?"

"தண்ணி வேணும்தான்ப்பா. நான் இல்லன்னு சொல்லல. ஒரு ஆஸ்பத்திரிக்கு நீங்க நல்லதுதான் பண்ணியிருக்கீங்க." அவளுக்குக் கண் நிறைந்தது. "ஆனா எவனும் செத்துப்போக மாட்டான்னு சொல்லிட்டு அறுத்தீங்களாமே. உங்க வெல்டர் எங்க ஆபீஸ்ல வந்து சிரிச்சுக்கிட்டே சொல்லியிருக்கான். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம்."

மகள் ஸ்கூட்டரைத் திருப்பிக் கொடுக்கப் போய்விட்டாள்.

அம்மா அந்த நாற்காலியில், வெறும் சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். உடையை மாற்றவில்லை. போன் மேஜைமேல் இருந்தது. ஆபரேஷன் முடிந்த தகவல் எந்த நேரமும் வரலாம்.

கணவரைப் பார்த்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். லிஃப்ட், மொட்டைத் தலை, கருகின ரொட்டி, குழாய் ஜோக். பாதியில் மடங்கிய விரல்களைச் செய்து காட்டினாள். அவர் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரோ கேபிளை வெட்டிட்டாங்கன்னு தெருவில பேசிக்கறாங்களாம், பொண்ணு சொன்னா," என்றாள். "எவன் வெட்டினானோ அவன் கை—"

அந்த இடத்தில் நிறுத்தினாள். காற்றில் எழுதியதை அழிப்பதுபோல அவசரமாக உள்ளங்கையை வீசினாள்.

"வேண்டாம். இன்னைக்கு யாரோட கையைப் பத்தியும் கெட்டது சொல்ல வேண்டாம்."

அவர் நினைத்திருந்தால் அப்படியே விட்டிருக்கலாம். தெருவில் எவனோ ஒருவன். அவளாகத் தெரிந்துகொள்ள வழியும் கிடையாது. ஆனால் இத்தனை வருஷத்தில் அவளிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லாத மனுஷர் அவர். வாயால் பொய் சொல்லுவது சுலபம், கையால் சொல்லும்போது முகமும் கூடவே பேசிவிடும்.

சேறு காய்ந்திருந்த விரலால் தன் நெஞ்சைத் தொட்டார். பிறகு ரம்பம் அறுப்பதுபோல ஒரு கையை இன்னொரு கையின்மேல் வைத்து இழுத்தார்.

அம்மா அவரையே பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"தெரியாமலா?"

ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும், தப்பித்துவிடலாம்.

"தெரிஞ்சுதான்," என்றார். "தண்ணி வரணும்னு. அஞ்சு மணிக்குள்ள ஒட்டிடுவாங்கன்னு நான்—"

அம்மா கைகளைக் கக்கத்தில் செருகி, கண்களை மூடிக்கொண்டாள்.

மற்றவர்கள் கோபித்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் நின்றாவது பேசிப் பார்க்கலாம். கதவைச் சாத்திக்கொண்டால் கதவுக்கு வெளியே நின்று கெஞ்சலாம். இவள் கண்ணையும் மூடி, கையையும் ஒளித்துவிட்டால் அவ்வளவுதான், எந்தச் சொல்லும் உள்ளே போகாது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட அவள் அவருக்கு அப்படிச் செய்ததில்லை.

அவர் கை அந்தரத்தில் நின்றது.

மேஜைமேல் போன் அடித்தது. திரையில் மருமகளின் முகம். மூடிய கண்களுக்கு அதுவும் தெரியவில்லை.

மேஸ்திரி போனை எடுத்தார். "சொல்லும்மா."

"மாமா," என்று ஆரம்பித்தவள் இடைவிடாமல் பேசினாள். அவர் கேட்டார். குறுக்கே ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "சரிம்மா. அத்தைகிட்ட சொல்லிடறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

நாற்காலிக்கு முன்னால் தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்தார். அவள் தோளைத் தொட்டார். உதறினாள். மறுபடி தொட்டார். மறுபடி உதறிவிட்டு, கண்களை இன்னும் இறுக்கி மூடினாள். மகன் விஷயம் என்று அவளுக்குத் தெரிவிக்க அவரிடம் வேறு வழியில்லை. இரண்டு கைகளையும் அவள் முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்தபடி, அந்தக் கண்கள் திறக்கக் காத்திருந்தார்.